மூன்று என்று சொன்ன வலி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், என் சுகத்தைத்தான் இந்த முறை எழுத வழியில்லை. நம் கடைக்குப் பட்டனும் ஜிப்பும் வாங்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில் குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து கழுவி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். நேற்று போனில் சரக்கு தாமதம் என்றேனே, அது பொய். உண்மையை போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், விஷயம் நகராது. அதனால்தான் எழுதுகிறேன், நர்ஸம்மா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சைகையில் சொல்லியிருக்கிறாள்.

தப்பு என்னுடையதுதான். லாட்ஜில் வலி வந்ததும் இங்கேதான் வந்து காட்டினேன். டாக்டருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டார். எவ்வளவு என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டா? ஒன்பது என்றால் பெரிய வைத்தியமாகத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று மூன்று என்றேன். மூன்றுக்கு உரிய மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் குளியலறையில் சுருண்டு கிடந்தவனை, ரூம் பெருக்க வந்த அம்மா பார்த்துக் கத்தியதால் பிழைத்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று டாக்டர் பிறகு கேட்டார். எடுத்த எடுப்பிலேயே முழு விலையைச் சொல்கிற வியாபாரி உண்டா என்றேன். மனுஷன் சிரிக்கவே இல்லை, இது கடை இல்லை சார் என்றார்.

இங்கே ஜன்னல் திறக்காது, திறந்தாலும் எதிரே சுவர்தான். வயிற்றில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை மட்டும்தான் எனக்குப் புரிகிற பாஷை. முந்தாநாள் ஊருக்கே ஓடிவிடலாம் என்று பேண்டை மாட்டிக்கொண்டு, குழாய்களையும் பிடித்துக்கொண்டு எப்படியோ லிஃப்ட் வரை போய்விட்டேன், கதவு திறந்தது, கால் நகரவில்லை, கதவு மூடிக்கொண்டது. நர்ஸம்மா திட்டிக்கொண்டே சக்கர நாற்காலியில் தள்ளிவந்து பேண்டையும் செருப்பையும் அலமாரியில் பூட்டிவிட்டாள். சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது, நிற்காவிட்டால் வயிற்றை மறுபடி திறக்க வேண்டுமாம். உன்னிடம் மறைப்பானேன், பயமாக இருக்கிறது அம்மாடி. என் பேரைக்கூட இங்கே ஒருத்தருக்கும் சரியாகக் கூப்பிட வரவில்லை.

அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல், பிரஷர் மாத்திரை போட்டபிறகு சொல். கடையை உன் தம்பி பார்த்துக்கொள்வான், கடன் மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வை. வரும்போது நாடா வைத்த தொளதொள பேண்ட் ஒன்று கொண்டு வா, இடுப்பில் பட்டன் பட்டாலே உயிர் போகிறது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

வரும்போது என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா. ஊருக்குத் தனியாகவே போய்விடுகிறேன் என்று டாக்டரிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தேன், ஆள் இம்மியும் இறங்கவில்லை. கடைசியில் பேசி முடித்தது இதுதான்: காய்ச்சல் நிற்க வேண்டும், குழாயை எடுக்க வேண்டும், என் மகள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு விமானத்தில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா