பிரபு பாடியதை அழிக்க மாட்டோம்

வெள்ளி, இரவு

எங்கள் ராக் பேண்டைவிட்டுப் பாடகன் பிரபு விலகியபின் அவன் இடத்தில் ஸ்டெல்லா பாடுகிறாள். இன்று ஊரப்பாக்கம் ஸ்டுடியோவில் முதல் ஆல்பத்தின் வேலை. பிரபு விலகுமுன் பாடிப் பதிவான பாட்டைக் கேட்டுவிட்டுப் புரொடியூசர் சொன்னார்: "பிரபு குரல எடுத்துட்டு ஸ்டெல்லாவ பாட வைங்க. பதினோரு நிமிஷப் பாட்ட நாலு நிமிஷமா வெட்டிடலாம்."

கிட்டார் வாசிக்கும் நான் குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா மைக்கைவிட்டு நகர்ந்தாள்.

"சார், இது அவர் மெட்டு போட்டுப் பாடுன பாட்டு. நான் பாட மாட்டேன். அடுத்த பாட்டு எனக்குப் போதும்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க" என்று அவர் கிளம்பிவிட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டியதை நேற்று வந்த பெண் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரபுவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அப்ப மிக்ஸிங் யாரு பண்றது மச்சான்?" என்றான்.

"நான்தான்" என்றேன். குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமன்செய்யும் அந்த வேலை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நாளை காலையிலேயே உட்காரப் போகிறேன்.