தோட்டத்துச் சுவருக்குத் தோட்டத்துப் பால்

அக்கா,

இன்று காலை கட்டில் கால்களில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றினேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கை இன்னும் மணக்கிறது. கேகாலையில் மார்ச் வெயில் கூரையைப் பிளக்கிறது. நான் வாடகைக்கு இருக்கும் அறைக்குள் எறும்பு கோடு போட்டுக்கொண்டு வருகிறது.

வீட்டுக்காரச் சிங்கள அம்மா, நோனா, வாசலில் நின்று பார்த்தார். "மிஸ் வந்த பிறகுதான் இந்த வீட்டுக்குள்ள எறும்பு" என்று சிங்களத்தில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ரப்பர் தோட்டத்துல இதெல்லாம் பழக்கமா இருக்கும், இல்லையா?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வழக்கம்போல எனக்குக் காது சூடானது. வழக்கத்துக்கு மாறாக வாயும் திறந்தது. "இது உங்க குசினியில இருந்து வருது, நோனா. வாங்க, காட்டுறேன்" என்றேன். காட்டினேன். அவருடைய அடுப்படிச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் இருந்த ஓட்டையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். நான் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்த வருடமும் நம் தோட்டம் இப்படித்தான் காய்ந்தது. ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. பீலியில் தண்ணீர் நூலாக வந்தது. ஈரத்தைத் தேடி எறும்பெல்லாம் நாம் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குள் புகுந்தன. நீ அலுமாரிக் கால்களைப் காலிப் பால்மாத் தகரங்களில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினாய். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது, பாத்திரம் கழுவிய தண்ணீரை வடித்து ஊற்றினாய். சீனியை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாய். அவை கயிற்றில் இறங்கி வந்தன.

சீனி போனால் போகட்டும் என்றிருப்பாய். ஆனால் உன் மகள் அப்போது தொட்டில் பிள்ளை. பால் மணத்துக்குப் புடவைத் தொட்டிலில் ஏறி அவளுடைய காதுமடலைக் கடித்துவிட்டன. தொட்டில் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி கட்டினாய். அந்த நெடிக்குப் பிள்ளை இருமத் தொடங்கியது. கடையில் விற்கும் எறும்பு மருந்தைத் தவழப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் தூவ உனக்கு மனம் வரவில்லை. எறும்பு வரும் வழி உனக்குத் தெரியும். பின்சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒரு வெடிப்பு. அதை அடைக்கக் கொஞ்சம் சீமெந்து கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு நடந்தாய். மறுபடியும் நடந்தாய். "வீட்ட சுத்தமா வச்சிருந்தா எறும்பு ஏன் வருது?" என்று கிளாக்கர் கேட்டாராம்.

அதை வந்து சொன்னபோது நீ அழவில்லை. விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே கூட்டிய நம் காம்பரா அறையை இன்னொரு தடவை கூட்டினாய். அந்த வேகத்தைப் பார்த்து அம்மா வெளியே போய்விட்டார்.

மறுநாள் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்தபோது உன் கையில் மூடி போட்ட தகரம் இருந்தது. உள்ளே ரப்பர் பால். பழைய பாவாடையைக் கிழித்து, அந்தப் பாலில் தோய்த்து, வெடிப்புக்குள் கத்திப் பிடியால் திணித்தாய். மேலே சாம்பல் கலந்த பாலைப் பூசினாய். அறை முழுக்கப் புளித்த நாற்றம். அன்றைக்குத்தான் பிள்ளை இடையில் அழாமல் தூங்கியது.

தகரத்தைத் தோட்டக் காவல்கார வாச்சர் பார்த்திருக்கிறார். பால் திருட்டு என்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வேலை போய்விடும் என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நீ பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்தாய்.

"நான் எதுக்கு?"

"நான் தமிழ்ல பேசப்போறேன். நீ சிங்களத்துல சொல்லு."

உனக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். சந்தையில் கருவாட்டுக்காரனையே வாயடைக்க வைப்பவள் நீ. நானோ வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட மெல்ல எழுந்து நிற்பவள். ஆபீசில் தோட்டத்தை நடத்தும் துரை, கிளாக்கர், வாச்சர், வெளியில் வேலைக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் என்று அத்தனை பேர்.

"ஒனக்குத்தான் சிங்களம் தெரியுமே, இந்தப் புள்ளைய ஏன் கூட்டிட்டு வந்தே?" என்று துரை சிங்களத்தில் கேட்டார்.

நீ தமிழில் சொன்னாய்: "எறும்பு கடிச்சப்ப எம்புள்ள தமிழ்லதான் அழுதுச்சு."

வெளியில் யாரோ சிரித்தார்கள். தோட்டத்துப் பாலை எடுத்தது தப்பு, மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்றார் துரை.

"சுவரு தோட்டத்தோடது. பாலும் தோட்டத்தோடது. தோட்டத்துப் பாலத் தோட்டத்துச் சுவத்துலதான் பூசியிருக்கேன். வேணும்னா வந்து உரிச்சிட்டுப் போகச் சொல்லு. மன்னிப்பு வேணும்னா, வெடிச்சது சுவருதான், அதக் கேக்கச் சொல்லு."

நான், "சுவர் வெடித்திருக்கிறது என்று அக்கா சொல்கிறார்" என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன்.

நீ என் பக்கம் திரும்பினாய். "நான் அவ்வளவுதானா சொன்னேன்? கொறைக்காம சொல்லுடி."

சொன்னேன். குரல் உடைந்து உடைந்து வந்தது. உரிப்பதையும் சொன்னேன், சுவரின் மன்னிப்பையும் சொன்னேன். துரை பேனாவை மேசையில் வைத்தார். பிள்ளையின் காதைப் பார்த்தார். ஒரு வாரம் வேலை இல்லை என்றார்.

அந்த ஒரு வாரம் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். அம்மா திட்டினார். "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடி?" என்று அம்மா கேட்டதற்கு, "சொல்லியிருந்தா நம்ம வீடு அழுக்கு வீடுதான்னு ஆகியிருக்கும்மா" என்றாய். வாரம் முடிந்ததும் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாய். உனக்குக் கொடுத்தது உச்சியில் இருந்த செங்குத்தான துண்டு. மூச்சு வாங்க ஏறினாய். சீமெந்து கடைசிவரை வரவில்லை. ஆனால் அதற்குள் நம் லயத்தில் ஒவ்வொரு காம்பராவின் பின்சுவரிலும் ரப்பர் பால் பூசியிருந்தது. வாச்சர் அந்தப் பக்கம் நடக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அந்தச் சுவர் ஓரமாகத்தான் கிடத்தினோம். எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் பூச்சை நகத்தால் கீறிப் பார்த்தேன். பழுப்பேறி இறுகிக் கிடந்தது. உரியவில்லை.

எனக்குக் கூச்சம் போகவில்லை, அக்கா. பட்டம் வாங்கினேன், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொன்னால் இன்னும் மெல்லத்தான் எழுகிறேன். உன் மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள், என் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். அவளும் என்னைப் போலத்தான், சத்தமில்லாத பிள்ளை. யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் வீட்டுக்கு வந்து பாதி சொல்லுவாள், மீதியை விழுங்கிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவள் முன்னால் உட்காருவேன்.

"அப்புறம்? கொறைக்காம சொல்லுடி."