அந்த ஜன்னல்

ஜூலை 5, சனி

நடந்ததை நடந்தபடியேதான் இந்த நோட்டில் எழுதுவேன். அம்மாவைப் பற்றியதாக இருந்தாலும்.

அம்மா ஆசிரியர் பயிற்றுநர். பள்ளி பள்ளியாகப் போய்ப் பாடம் நடப்பதைப் பார்ப்பாள். பிறகு அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவாள். பயிற்றுநர்கள் எல்லோரும் மாதம் ஒருமுறை வானூரில் கூடி, ஒருவர் அப்படிப் பேசிய வீடியோவைப் போட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். இந்த மாதம் அம்மாவின் முறை. எனக்கு லீவு, அதனால் படம் பிடிக்க நான்.

உப்பளத்தை ஒட்டிய பள்ளி, இந்தச் சனிக்கிழமை அங்கே வேலை நாள். பூங்குழலி டீச்சர் புதிதாக வேலைக்கு வந்தவர், நீலப் புடவை. ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் அத்தனை வெள்ளை. வகுப்பறையே வெளிச்சத்தில் மிதந்தது. கையில் போன் இருப்பதையே மறந்துவிட்டேன்.

ஜூலை 6

வீடியோ பார்த்தோம். அம்மா பேசுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். "போர்டுல பெருசா எழுதுங்க, பின்னாடி பசங்களுக்குத் தெரியல."

"மேடம், அந்த ஜன்னல்—" என்கிறார் பூங்குழலி டீச்சர்.

"எழுத்துதாம்மா முக்கியம்."

கொஞ்சம் கழித்து மறுபடியும், "இல்ல மேடம், ஜன்னல்..." அதற்குள் அம்மா கலர் சாக்பீஸுக்குப் போய்விட்டாள்.

"ஏன்டி நாஜியா, நான் இவ்ளோவா பேசுறேன்?"

"வீட்ல இதவிட ஜாஸ்திம்மா."

அம்மா சிரிக்கவில்லை. "டீச்சரைப் பேச விடுங்கன்னு வானூர்ல எல்லாருக்கும் சொல்றவளே நான்தான். இதை எப்படிக் காட்டுறது? வேற எடுத்துடலாம்."

ஜூலை 8

கனவில் உப்புக் குவியல்கள் வகுப்புக்குள் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. என்ன சொல்ல வந்தன?

ஜூலை 11

புது வீடியோ. பூங்குழலி டீச்சர் பச்சைப் புடவை. அம்மா கேட்கிறாள், காத்திருக்கிறாள், டீச்சர் அழகாகப் பதில் சொல்கிறார். எல்லாம் முன்பே பேசிவைத்தது. ஆண்டுவிழா நாடகம் மாதிரி.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதும்மா. ஆனா ஜன்னலைப் பத்தி அவங்க சொல்லவே இல்லையே."

"என்ன ஜன்னல்?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சொன்னேன் — வெயில் உப்பில் பட்டு, ஜன்னல் வழியாக வந்து போர்டில் கூசுது. பின்னாடி நின்ன எனக்கும் எழுத்து தெரியல. எவ்ளோ பெருசா எழுதினாலும் தெரியாது.

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சொல்லியிருக்கக் கூடாதோ? வீடு யார் வீடோ போல இருந்தது.

ஜூலை 14

அம்மா பூங்குழலி டீச்சரைப் பார்க்கப் போனாள். எதுக்குன்னு சொல்லல. போனில் இரண்டு வீடியோவும் இருக்கின்றன.

ஜூலை 19, சனி, வானூர்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சரத்குமார் சார், அவரும் பயிற்றுநர்தான், அம்மாவைக் கிண்டல் செய்கிறார். "ஜரீனா மேடம், நாங்க கருத்து சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது. ரூல் ஞாபகம் இருக்குதில்ல? தாங்குவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். ஆனால் கேபிளை இரண்டு தடவை தப்பாக மாட்டினாள். எந்த வீடியோ என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

திரையில் முதல் காட்சி அசையாமல் நிற்கிறது. அம்மா, எதிரே பூங்குழலி டீச்சர், பின்னால் நான் கோணலாகப் பிடித்த ஜன்னல், வெள்ளையாக.

நீலப் புடவை.

அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை அழுத்தி மூடிக்கொள்கிறாள். லைட்டை அணைத்துவிட்டார்கள்.