இரண்டாவது ஊறுகாய் பாட்டில்

நாள் 61, 07:10
நிலவின் தென்முனை ஆய்வகம். எழுதுவது நாச்சியப்பன், தசை ஆய்வாளர். காற்று, நீர், மின்சாரம் சரி. இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆள், நெல்லைக்காரி பியூலா, பனிக்கட்டி மாதிரிகள் எடுக்க வண்டியில் கிளம்பிவிட்டாள். நாளை மாலை திரும்புவாள். நான் போட்ட பூண்டு ஊறுகாயில் ஒரு பாட்டில் அவளோடு போகிறது. இன்னொன்றை நேற்றே பாதி காலி செய்துவிட்டேன்.
வண்டியிலிருந்து: "ஊறுகாயை நாளைக்கு மத்தியானம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கிடுதேன் அண்ணாச்சி."

நாள் 61, 19:30
எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. இமை கனக்கிறது. வயசாகிறது, வேறென்ன.

நாள் 62, 09:05
வயசு இல்லை, முட்டாள்தனம். நாக்கு புரளவில்லை. கைகள் தொங்குகின்றன, ஒரு விரலால்தான் தட்டுகிறேன். ரத்தக் கொதிப்புக்குப் பயந்து ஊறுகாயில் உப்பைக் குறைத்தேன், புளியையும் சேர்க்கவில்லை. எண்ணெய்க்கு அடியில், காற்றில்லாத இடத்தில், கிருமி வளர்ந்து நஞ்சு கக்கியிருக்கிறது. பொட்டுலினம். இருபது வருடம் இதைப் பாடம் நடத்தியவன் நான்!

நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. நரம்பின் முனை அங்கே அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கொட்டினால்தான் தசை சுருங்கும். இந்த நஞ்சு கொட்டவிடாது. மூளை கட்டளையிடுகிறது, நரம்பு கொண்டுவருகிறது, வாசலில் நின்றுவிடுகிறது.

பியூலா பள்ளத்துக்குள் இருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குத்தான் தொடர்பு கிடைக்கும்; அதற்கு முன் எதுவும் போய்ச் சேராது.

நாள் 62, 12:02
குரல் போய்விட்டது. ஆய்வுக்காக என் முன்கை நரம்பில் பதித்த ஊசிகள் நரம்பின் கட்டளையை நேராகப் படித்து இதை எழுதுகின்றன. விரல் அசையவில்லை, எழுத்து வருகிறது. ஆனால் அனுப்பும் பொத்தானை விரலால்தான் அழுத்த வேண்டும்.
வண்டியிலிருந்து: "என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணோம்? இன்னும் உறக்கமா? பத்து நிமிசத்துல சாப்பிடப் போறேன். உங்க ஊறுகாயை நெனைச்சாலே எச்சி ஊறுது!"
திறக்காதே. திறக்காதே. இது அவளுக்குப் போகாது.

12:07
என் மூச்சைக் கண்காணிக்கும் நெஞ்சுப் பட்டை! மூச்சு முப்பது நொடி நின்றால் அது அபாய மணியோடு இந்தக் குறிப்பையும் வண்டிக்கு அனுப்பிவிடும். மூச்சிழுக்கும் உதரவிதானமும் நரம்பின் சொல் கேட்கும் தசைதான். நஞ்சு அங்கேயும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மூச்சை நானே நிறுத்தினால் மறுபடி கிளம்புமா, தெரியாது. பயமாக இருக்கிறது. அவளுக்கு முப்பத்தொரு வயது.

பியூலா, ஊறுகாயில் விஷம். தொடாதே.

நிறுத்துகிறேன்.

12:09
வண்டியிலிருந்து: "அண்ணாச்சி! வாசிச்சிட்டேன். மூடியைத் திறக்கல, சத்தியமா திறக்கல. வண்டியைத் திருப்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன். போதும், மூச்சு விடுங்க! ஏசப்பா... அண்ணாச்சி, மூச்சை இழுங்க!"

இழுக்கிறேன் பியூலா. இழு, இழு என்றுதான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நரம்பு எழுதுகிறது. நெஞ்சு