‘பா’ என்று எழுதிய காகிதம்

ரிங்லெட்,
12.12.1981

அன்பு மகள் பவளத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், குளிர்தான் எலும்பில் இறங்குகிறது. கிளந்தான் மழையில் நீ நனையாமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வர முருகன் துணையிருக்கட்டும்.

போன வாரம் மத்தியானம், மேல்மலையில் தோட்டத்துத் துரை வெட்டிய குளத்தின் கரை உடைந்து தண்ணீரும் சேறும் நம் லயத்து வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. நமக்கு முழங்கால் அளவோடு போயிற்று. கடைசி வீட்டு அம்மாக்கண்ணு மேல் சுவர் விழுந்து இரண்டு காலும் முறிந்து தாப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கரை கசிகிறது என்று மூன்று தடவை ஆபீசில் சொன்னோம், யாரும் வந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அர்ஜுனன் பிஸ்கட் டின்னோடு வந்தார். இத்தனை வருஷம் நம் வாசலை மிதிக்காதவர், அப்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை. மலாய்க் காகிதம் ஒன்றை நீட்டி, “மழை பேஞ்சுச்சுன்னுதான் எழுதியிருக்கு, சைன் போடுலா, வீட்டைச் சரி பண்ணிடுவாங்க” என்றார். பக்கத்து வீட்டுத் தங்கையா அதற்குள் கைநாட்டு வைத்திருந்தான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மழைக்கு ‘ஹூஜான்’ என்பது எனக்குத் தெரியாதா? அங்கே ‘பா’ என்று இருந்தது. ஆறு பெருகி ஊரையே மூழ்கடித்தால்தான் உங்கள் பக்கத்தில் ‘பா’ என்பார்கள், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா. “இந்த மலையில எந்த ஆறு பெருகுச்சு கிராணி?” என்றேன். “பெரிய தண்ணி எல்லாம் பாதான்” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். ‘பா’ என்று ஆகிவிட்டால் அம்மாக்கண்ணுவின் காலுக்கு யார் பதில் சொல்வது? நான் சைன் போடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் தங்கையா ஆபீசுக்கே போய்ப் பழைய காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டான்.

நேற்றுப் புதுக் காகிதம் வந்தது. காரணம் எழுதும் இடம் மட்டும் காலி. “அப்புறம் எழுதிக்கலாம்” என்றார் கிராணி. ‘பா’வை விட அந்தக் காலி இடம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவரை உட்கார வைத்து, குளத்துக் கரை உடைந்தது என்று அவர் கையாலேயே எழுதிய பிறகுதான் லயத்தில் இருக்கும் ஆறு குடும்பமும் சைன் போட்டோம். அதே மாதிரி இன்னொன்று எழுதி, அதிலும் அவரிடம் சைன் வாங்கிவிட்டேன். அதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன், இங்கே இருந்தால் காணாமல் போகும். ஆபீஸ் தபால் பெட்டியில் போடாமல் டவுனுக்கு நடந்து போய் நானே தபாலில் சேர்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நோயாளிகளிடம் பொறுமையாக இரு. அம்மாவும் நானும் உன்னை மனமார ஆசீர்வதிக்கிறோம். கடிதம் வந்ததும் உறையைத் திருப்பிப் பார், யாராவது பிரித்து ஒட்டியிருந்தால் உடனே எழுது.

உன் அப்பா
ஆண்டியப்பன்