எழுபது வயதில் ஒரு வேட்டை நாய்க்குட்டி

மார்ச் 4
என் பழைய வேட்டை நாய் பெத்யார் செத்து ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. நாய் இல்லாமல் வாத்து வேட்டைக்குப் போவது வெட்டி வேலை. சுட்டது நாணலுக்குள் விழுந்தால் யார் எடுத்து வருவது? நானா நீந்துவேன்? சிதோனியாவுக்குப் போன் செய்தேன். விஸ்லா இன வேட்டை நாய்க்குட்டி என்றால் இந்த வட்டாரத்தில் அவள் பண்ணைதான். முதல் கேள்வியே என் வயசு. எழுபது என்றேன். முதலில் நேரில் வரச் சொன்னாள்.

மார்ச் 16
போய்ப் பார்த்தேன். பரம்பரை இடுப்புக் கோளாறு இல்லை என்பதற்குத் தாய் நாயின் எக்ஸ்ரேயைக்கூடக் காட்டினாள். குட்டிகளில் ஒரு முரட்டுப் பயல் நேராக என்மேல் பாய்ந்தான். அவனே என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டான் என்று பெருமையடித்தேன். வேட்டைக் கோட்டைக் கழற்றி வெளியே மாட்டச் சொன்னாள். மாட்டினேன். பயல் கோட்டின் பின்னாலேயே போய்விட்டான்! போன வருஷ வாத்து ரத்தம் அதில் இன்னும் நாறுகிறதே, அவனுக்கு நான் எதற்கு? மானம் போயிற்று.

அத்தோடு விட்டாளா? "உங்களுக்கு அப்புறம் நாயை யார் பாத்துப்பாங்க? அவங்களையும் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

என் சாவைப் பற்றிப் பேச இவள் யார்?

மார்ச் 17
தூக்கமில்லை. அவ கேட்டது சரிதானே. நான் போய்ட்டா அந்த வாயில்லா ஜீவன் எங்க போகும்? இதை நான் ஏன் யோசிக்கவே இல்ல?

மார்ச் 23
பிரோஷ்காவை அழைத்துப் போனேன். கல்யாணமான நாளிலிருந்து நாய் முடியைத் திட்டிக்கொண்டே பெருக்குகிறவள் என் மனைவி. சிதோனியா தகரத் தட்டைத் தரையில் போட்டாள், வெடிச் சத்தத்துக்கு மிரளுமா என்று பார்க்க. மற்றவை பதறி ஓட, ஒரு சின்னப் பெட்டைக்குட்டி மட்டும் நிதானமாக நிமிர்ந்து பார்த்தது. பிறகு பிரோஷ்காவின் செருப்பில் தலை வைத்துத் தூங்கிவிட்டது.

"இதைத்தான் தருவேன்" என்றாள் சிதோனியா.

"எனக்கா?"

"உங்க வீட்டுக்கு."

பிரோஷ்கா காலை அசைக்கவே இல்லை.

ஏப்ரல் 12
குட்டி வந்தாயிற்று. பெயர் மோஹா. சமையலறைக்குள் விடவே கூடாது என்று பிரோஷ்காவின் கண்டிப்பு.

ஏப்ரல் 13
சமையலறையில், அடுப்பருகே தூங்குகிறது. விட்டது நானில்லை.

நவம்பர் 9
மோஹாவின் முதல் வேட்டை. பிரோஷ்காவும் வந்தாள், பிளாஸ்க்கில் சூப்போடு. வாத்து நாணலுக்குள் விழுந்தது. மோஹா தண்ணீரில் இறங்கி, பதமாகக் கவ்விக்கொண்டு கரையேறியது. கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் பிரோஷ்காவின் முன்னால் உட்கார்ந்தது.

"குடுடி கண்ணு" என்றாள். கொடுத்தது.

வயிறெரிந்தது, பொய் சொல்வானேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் மனசு லேசாகிவிட்டது, இவ்வளவு லேசாகி ரொம்ப நாளாயிற்று.

வாத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நடந்தேன்.