ஏழாம் குஞ்சும் என் ஓட்டை வாயும்

ஏப்ரல் 21

இரண்டு விமானம், ஒரு ரயில், கடைசியில் சேறு அப்பிய ஒரு வேன். வந்து சேர்ந்துவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம், அவ்வளவு பெரிய அறை! ஜன்னலுக்கு வெளியே நாணல், அதற்கப்பால் தண்ணீர், அதற்கப்பாலும் தண்ணீர். பார்த்துக்கொண்டே நின்றதில் பெட்டியைத் திறக்க மறந்துபோனேன்.

ஆறு மாதப் பயிற்சி. அழிந்துகொண்டிருக்கும் பெருங்கொக்குகளை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டுக் கூட்டத்தோடு சேர்த்துவிடும் நிலையம் இது. அண்ணனுக்கு இன்னும் நக்கல் தீரவில்லை. "கொக்குக்கு இரை வைக்கவா இருந்த வேலையை விட்டே?" இந்தக் கொக்கு நிமிர்ந்தால் என் தோளுக்கு வரும் என்றேன். "அப்போ அதுதான் உன்னை வளர்க்கப்போகுது" என்றான். எருமை.

நிலையத் தலைவிக்கு நான் வைத்திருக்கும் பெயர் கறார். வந்ததுமே விதியைச் சொல்லிவிட்டார். குஞ்சுகளுக்குக் கேட்கும் தூரத்தில் மனிதக் குரலே கூடாது. மனித முகமும் தெரியக் கூடாது. தலை முதல் கணுக்கால் வரை வெள்ளை அங்கி, முகத்துக்கு வலை, வலது கையில் கொக்குத் தலைப் பொம்மை. இடுப்பில் ஓர் ஒலிப்பெட்டி, அதிலிருந்து தாய்க் கொக்கின் குரல் வரும். பிறந்ததும் எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ அதையே தன் இனம் என்று குஞ்சு நம்பிவிடுமாம். மனிதனை நம்பிவிட்டால் துப்பாக்கியோடு வருகிறவனிடமும் போய் நிற்கும். அப்படி ஒரு பறவையை வெளியே விட முடியாது. ஆயுசுக்கும் கூண்டுதான்.

விலங்கியல் படித்துவிட்டு மூன்று வருடம் போனில் வாடிக்கையாளர்களிடம் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். என் வாய்க்குப் பூட்டா? அம்மா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஏப்ரல் 29

பொம்மை அலகால் புழுவைக் கவ்வி, தண்ணீரில் நனைத்து, நீட்ட வேண்டும். நூறு முறை செய்தேன். தொண்ணூறு முறை புழு என் அங்கிக்குள் விழுந்தது. என்னோடு பயிற்சிக்கு வந்திருக்கும் நெட்டையனுக்கு முதல் நாளே கைவந்துவிட்டது. அவன் வேறொரு நாட்டுக்காரன், வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்கென்ன.

மே 6

இன்று என்ன எழுதுவது?

முட்டை பேசுகிறது. நிஜமாகவே. ஓடு உடைவதற்கு முந்தின நாளே உள்ளிருந்து 'பிர்ர்' என்று ஒரு சத்தம். நான் ஒலிப்பெட்டியைத் தட்டியதும் தாய்க் குரல் ஒலித்தது. உள்ளேயிருந்து பதில் வந்தது. இன்னும் உலகத்தையே பார்க்காத ஒன்று, ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து 'நான் இங்கே இருக்கேன்' என்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்று காலை ஓட்டில் ஒரு துளை, அதில் அரிசிமணி அளவு வெள்ளையாக அலகின் நுனி. பதினோரு மணி நேரம் போராடி வெளியே வந்தது. ஈரமாக, செம்பழுப்பாக, தலையைத் தூக்க முடியாமல். தூக்கியது. என்னை, இல்லை, என் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தது.

இந்த வருடத்தில் ஏழாவது. பெயர் வைக்கக் கூடாது. ஏழு என்பதே போதும்.

மே 11

தப்பு செய்துவிட்டேன்.

ஏழு இரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை. கழுத்து துவண்டுவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள ஏதாவது உள்ளே போகலேன்னா கஷ்டம்" என்று நிலையத்துப் பறவை மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். மதியம் நான் மட்டும்தான் கூண்டுக்குள். ஒலிப்பெட்டி கரகரத்து நின்றது. பேட்டரி. போய் மாற்றியிருக்கலாம், பத்து நிமிடம். போகவில்லை. அதன் கண் மெல்ல மூடிக்கொண்டே வந்தது. அம்மா எனக்குக் காய்ச்சல் வந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படியே வாயில் வந்துவிட்டது: "ஒரு வாய்டா தங்கம், ஒரே ஒரு வாய்."

கண்ணைத் திறந்தது! பொம்மையைப் பார்க்கவில்லை. வலைக்குப் பின்னால் என் வாய் இருக்கும் இடத்தைப் பார்த்தது. பிறகு புழுவை வாங்கிக்கொண்டது. ஒன்று, இரண்டு, ஆறு.

யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷமா பயமா, தெரியவில்லை. என் குரலைக் கேட்டு ஓர் உயிர் திரும்பி வந்தது.

மே 12

பேட்டரி மாற்றியாயிற்று. இருந்தும் சொன்னேன். தின்றது.

மே 13

இன்றும். இதோடு போதும். சத்தியமாக.

ஜூன் 2

நெட்டையன் அங்கி போட்டுக்கொண்டு ஒரே வயதுக் குஞ்சுகள் ஐந்தை, அதில் ஏழும் ஒன்று, நடைக்குக் கூட்டிப் போனான். இதுகளின் கால்கள் ஒரே நாளில் விரல்கடை வளரும். தினமும் நடக்காவிட்டால் வளைந்துவிடும். நான் தீவன அறையில் அம்மாவோடு போனில். கேட்காத தூரம்தான். ஜன்னல் திறந்திருந்தது, காற்று திரும்பியிருக்கிறது. யார் கண்டது?

திடீரென்று கதவில் தட் தட். நெட்டையன் என்று நினைத்தேன். இடுக்கு வழியே பார்த்தால், ஏழு. வரிசையை விட்டு, பொம்மையை விட்டு, அத்தனை தூரம் ஓடி வந்து, கதவை அலகால் கொத்திக்கொண்டு கூப்பிடுகிறது. நெட்டையன் தாய்க் குரலை எவ்வளவு சத்தமாக வைத்தும் திரும்பவில்லை.

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

ஜூன் 3

கறாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை நாள்?"

"மூணு."

"என்ன சொன்னே?"

"சும்மா... சாப்பிடச் சொன்னேன்."

வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அது எனக்கும் அதற்கும் நடுவில் இருக்கட்டும் என்று தோன்றியது.

மேஜையிலிருந்த தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்தார். "உன்னை வீட்டுக்கு அனுப்பிடலாம். ஆனா உன் குரல் அதோட காதுல இருக்கே, அதை யார் எடுக்கிறது? நீதான் கெடுக்கணும். இனிமே உனக்கு அங்கி கிடையாது. ஊசி போடும்போது, எடை பார்க்கும்போது, அதுக்குப் பிடிக்காதது எது நடந்தாலும் நீதான் அதைப் பிடிச்சுக்கணும். பேசிக்கிட்டே பிடி. மீதி நேரம் தட்டைத் தட்டி விரட்டு."

செப்டம்பரில் ஒரு சோதனை. மனிதக் குரல் கேட்டால் பறந்து போக வேண்டும். போகாதது கூண்டுக்கு.

ஜூன் 19

முதல் ஊசி. இறக்கையை அணைத்துப் பிடித்தேன். துணி மூட்டைபோல் கனமில்லை, ஆனால் உள்ளே ஓர் இயந்திரம் ஓடுகிற மாதிரி இதயம். என்ன பேசுவது? வாயில் வந்தது பழைய வேலையின் பாடம்தான். "வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்." மருத்துவர் என்னைப் பார்த்த பார்வை! ஊசி இறங்கியதும் ஏழு அலறியது. நானும் அலறிக்கொண்டே "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றேன்.

அறைக்கு வந்து சிரித்தேன். பிறகு அழுதேன்.

ஜூலை 5

தட்டு தட்டி விரட்டுகிறேன். மற்ற நாலும் என்னைக் கண்டாலே நாணலுக்குள் ஓடிவிடும். ஏழும் ஓடுகிறது, ஆனால் கடைசியாக.

அம்மா: "பாசமா வர்றதைப் போய் விரட்டுறியே, பாவம் பிடிக்காதா?" வேறு பேச்சு பேசினோம்.

ஆகஸ்ட் 4

பறந்தது!

மறைந்திருந்து பார்ப்பதற்கென்று நாணலுக்கு நடுவே ஒரு மர அறை இருக்கிறது. விடிந்ததிலிருந்து அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். நெட்டையன் அங்கியின் கைகளை விரித்துக்கொண்டு மேட்டில் ஓடினான், பின்னாலேயே குஞ்சுகள். தினமும் ஓடும், குதிக்கும், விழும். இன்று ஏழு விழவில்லை. கால் தரையைத் தொடாமல் போனது. அதற்கே புரியவில்லை போல. கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தது. பிறகு என் தலைக்கு மேலே. இறகுகளுக்குள் காற்று போகும் சத்தம் கேட்டது. யாருமே சொல்லித் தரவில்லை. நாங்கள் பொம்மை வைத்துத் தின்னக் கற்றுக் கொடுத்தோம், இது எங்கே இருந்தது அதற்குள்ளே? முட்டைக்குள் 'பிர்ர்' என்றபோதே இருந்ததா?

நெட்டையன் வலையைத் தூக்கிவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். விதிமீறல்தான். கறாரும் அண்ணாந்துதான் நின்றார்.

செப்டம்பர் 8

சோதனை. தோற்றோம்.

என் சாதாரண உடையில் திறந்த சதுப்புக்குள் நடந்தேன். பேசிக்கொண்டே போனேன், அதே இணைப்பில் காத்திருக்கும் பாடம். ஐம்பது அடியில் நாலும் பறந்தன. ஏழும் இறக்கையை விரித்தது. அப்போதே வாயை மூடியிருக்கலாம். கடைசியாகப் பார்க்கிறேனோ என்று தோன்றியது. என்னை அறியாமல், மெதுவாகத்தான், "ஒரு வாய்டா தங்கம்."

இறக்கையை மடக்கிக்கொண்டது. மூன்று எட்டு என்னை நோக்கி வைத்தது.

கறார் தூரத்தில் நின்று தாளில் எதையோ எழுதினார்.

செப்டம்பர் 9

"அது என்ன வார்த்தை?" என்று கறார் கேட்டார். சொன்னேன். அர்த்தமும் சொன்னேன். "இத்தனை நாளா மத்த பேச்சையெல்லாம் கெடுத்தே, இதை மட்டும் ஒளிச்சு வச்சிருந்தியா?"

ஆமாம். ஒளித்துத்தான் வைத்திருந்தேன். என்னைத் தெரிந்த ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைக்கு விலை அதன் வானம். எவ்வளவு சுயநலம்டி உனக்கு?

இன்னொரு சோதனைக்கு அவகாசம் கேட்டேன். அக்டோபர் 2. அதுதான் கடைசி என்றார்.

செப்டம்பர் 15

காலில் கருவி பூட்டும் நாள். எங்கே போனாலும் அது இடம் காட்டும். ரத்தமும் எடுத்தார்கள். அரை மணி நேரம் நான்தான் பிடித்திருந்தேன். அந்த அரை மணியும் அந்த ஒரே வார்த்தை. முதல் தடவை சொன்னபோது துள்ளுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது, இந்த முறை வலை இல்லாத முகம். நம்பிப் பார்த்தது. ஊசி இறங்கியது. "ஒரு வாய்டா தங்கம்." திருகாணியை முறுக்கினார்கள். "ஒரே ஒரு வாய்." எத்தனை தடவை சொன்னேன், எண்ணவில்லை. கடைசியில் என் குரல் கேட்டதுமே உடம்பு முழுக்க விறைத்தது. என் முழங்கையைக் கிழித்துவிட்டது.

மூன்று தையல். நன்றாகக் கிழித்தாய் ராஜா.

செப்டம்பர் 24

நேற்றும் இன்றும் மறுபடி பிடித்து எடை. மறுபடி அதே வார்த்தை. இனி அந்த வார்த்தையை வேறு எந்தக் குழந்தையிடமும் என்னால் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

அக்டோபர் 2

அதிகாலையிலேயே எழுந்துவிட்டேன். கறார், மருத்துவர், நெட்டையன் மூன்று பேரும் மர அறைக்குள். சதுப்பில் பனி முழங்கால் உயரத்துக்கு. வேறு எங்கிருந்தோ வந்த காட்டுக் கொக்குகள் ஆறு, அவற்றோடு நம்முடைய ஐந்தும். இப்போது எல்லாம் ஒரே உயரம். காலில் பூட்டிய கருவியின் நிறத்தை வைத்துத்தான் ஏழைக் கண்டுபிடித்தேன். வளர்ந்த கொக்குகளுக்கு இருப்பதுபோல் தலையில் சிவப்பு இறங்கத் தொடங்கியிருக்கிறது. இவ்வளவு அழகான ஒன்றை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நூறு அடியில் நின்றேன். கத்தவில்லை, தட்டு இல்லை. மே மாதம் சொன்ன அதே குரலில், அதே மெதுவில்தான் சொன்னேன். கறாருக்கே கேட்டிருக்காது.

பதினொன்றில் முதலில் எழுந்தது அதுதான். அது எழுந்ததைப் பார்த்துத்தான் காட்டுக் கொக்குகளே எழுந்தன. பனி கிழிந்து, தலைக்கு மேலே அத்தனை இறக்கையும் ஒரே சத்தம். நான் சேற்றில் கால் புதைய, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பின்னால் கதவு திறந்தது. "விடலாம்" என்றார் கறார்.

அவர்கள் உள்ளே போன பிறகு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன், எனக்காக. அதற்குள் தண்ணீரைத் தாண்டிப் போயிருந்தது. திரும்பவே இல்லை.